மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சு... மாமாவுக்கு?

கரூர் மாவட்டத்தில் க.பரமத்தி, அரவக்குறிச்சிப் பக்கம் சித்திரை மாதம் எந்தத் தோட்டத்து வாசலில் போய் நின்றாலும் ஒரு கேள்வி காதில் விழும். 'மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?' விடிந்ததும் ஒரு தடவை, உச்சி வெயிலுக்கு முன்னால் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை கேட்பார்கள். கறவை மாடு ஒரு நேரம் சரியாகத் தண்ணீர் குடிக்காவிட்டால் மறுநாள் பால் சொசைட்டியில் அளவு காட்டிக் கொடுத்துவிடும். முருங்கை வாடினால் இலை பழுத்து உதிரும். கோழி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதே வீட்டுத் திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் எண்பது வயதுப் பெரியவர் இன்று எத்தனை டம்ளர் குடித்தார் என்று கேட்டால், பல வீடுகளில் பதில் இருக்காது. "தாகம் எடுத்தா அவரே கேட்டு வாங்கிக் குடிப்பாருங்க" என்பார்கள்.

ஆபத்து அந்தப் பதிலில்தான் இருக்கிறது. வயதாக ஆக, உடம்புக்குத் தண்ணீர் தேவை என்று மூளைக்குச் சொல்லும் தாக உணர்வே மழுங்கிப்போகிறது. இளைஞர் உடம்பின் எடையில் சுமார் 60 சதவீதம் நீர். முதுமையில் அது 50 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். நீரைத் தேக்கி வைக்கிற சதை குறைந்துவிடுவது அதற்கு முக்கியக் காரணம். சிறுநீரகமும் முன்பு போல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. ஏரி சிறுத்துவிட்டது, மதகும் ஒழுகுகிறது, தண்ணீர் குறைகிறது என்று சொல்ல வேண்டிய காவல்காரரும் தூங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் ரத்த அழுத்தத்துக்காகவோ கால் வீக்கத்துக்காகவோ கொடுக்கும் நீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்துகொண்டால், ஒரே பகல் வெயிலில் ஏரி தரை தட்டிவிடும்.

அரவக்குறிச்சிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இது நடந்தது. பெரியவருக்கு 79 வயது. முருங்கையும் நான்கு கறவை மாடுகளும் உள்ள குடும்பம். விவசாயத்தை மகனிடம் கொடுத்துவிட்டாலும், கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் வைப்பதும், முருங்கைக்காயைக் கட்டுக் கட்டும்போது கூட உட்காருவதும் அவர் வேலைதான். ரத்த அழுத்த மாத்திரை தினமும் உண்டு. தமிழ்நாட்டில் அன்றைக்கு அதிக வெயில் எங்கே என்று வானிலை அறிக்கை சொல்லும்போது கரூர் பரமத்தியின் பெயர் அடிக்கடி முதலில் வரும். அப்படி ஒரு கத்திரி வாரத்தில், மூன்றாம் நாள் பிற்பகல், வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் மருமகளைக் கூப்பிட்டு, "அந்த மயிலக் காளையப் புடிச்சுக் கட்டியாச்சா அம்மிணி?" என்று கேட்டார். மயிலைக் காளையை விற்று இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயசாகிவிட்டது, ஞாபகம் தடுமாறுகிறது என்று விட்டார்கள். சாயங்காலம் எழுந்து நிற்கும்போது தள்ளாடிக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பேச்சு குழறியது. மகனுக்குப் பக்கவாதமோ என்று பயம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், ஆலமரத்துப் பக்கம் உச்சிப் பொழுதில் போயிருப்பார், மந்திரித்துக் கயிறு கட்டினால் சரியாகிவிடும் என்றார். மருமகள்தான் அவர் வாயைப் பார்த்தார். நாக்கு வறண்டு, வெடித்த களிமண் போல இருந்தது. காலையிலிருந்து அவர் ஒன்றுக்குப் போய் யாரும் பார்க்கவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

காரில் ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சமாக வந்த சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. பக்கவாதம் இல்லை, நீர்ச்சத்து வற்றிவிட்டது என்று சொல்லி டிரிப் ஏற்றினார்கள். விடிவதற்குள் பெரியவர் தெளிந்துவிட்டார். "என்னைய ஏன் இங்க கொண்டாந்து போட்டிருக்கீங்க, கன்னுக்குட்டிக்கு யாரு தண்ணி வெப்பா?" என்று சத்தம் போட்டார்.

அவரை அனுப்பும்போது மருத்துவர் மகனையும் மருமகளையும் நிறுத்திச் சொன்னது இவ்வளவுதான். "தண்ணி வேணுமான்னு கேக்காதீங்க. கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாரு. அவருக்குத் தாகம் தெரியாது. கையில கொண்டுபோய்க் குடுங்க."

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து மூன்றாம் நாளே மருமகளுக்குக் கஷ்டம் புரிந்தது. பெரிய சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தால், இரண்டு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிடுவார். "குடிங்க மாமா, குடிங்க மாமா" என்று பின்னாலேயே போனால் கோபம் வரும். அதிலும் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் ஒரு சொட்டு இறங்காது. ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்.

காரணத்தைப் பேரன்தான் கண்டுபிடித்தான். இரவில் அப்பாரு எழுந்து போவதை அவன் பார்த்திருக்கிறான். கழிப்பறை மாட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம், வாசலிலிருந்து நாற்பது அடி தூரம். வழியில் விளக்கு இல்லை. நடுவில் தண்ணீர் போகும் சின்ன வாய்க்கால் ஒன்று. கழிப்பறைக்கு ஏற ஒரு படி, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பேரன் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "போன மாசி மாசம் அந்த வாய்க்கால்கிட்ட உழுந்துட்டேன் கண்ணு. உங்கொப்பன்கிட்டச் சொல்லாத. ராத்திரி எந்திரிக்காம இருக்கோணும்னா தண்ணியக் கொறைக்கோணும். அதுக்குத்தான்."

தண்ணீர் குடிக்க மறுக்கிற பெரியவர்களில் பலருக்கு மறுப்பு தண்ணீர் மேல் இல்லை, கழிப்பறை மேல்தான். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்ற சங்கடம். மூட்டுவலி உள்ள பெண்களுக்கு உட்கார்ந்து எழ முடியாத வேதனை. இருமினால் இரண்டு சொட்டு கசிந்துவிடும் என்ற வெட்கமும் பலருக்கு உண்டு, அதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டுத் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் அலைவதில் பலன் இல்லை.

அந்த வீட்டில் செய்தது பெரிய செலவு இல்லை. பழைய போர்வெல் குழாயை வெட்டிக் கழிப்பறைச் சுவரில் கைப்பிடியாகப் பதித்தார்கள். படியைச் சரிவாக்கி, வாய்க்கால் மேல் ஒரு கல் பலகை போட்டார்கள். வழியில் ஒரு எல்.இ.டி. பல்பு. இரவுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் யூரின் கேன் ஒன்று வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். மருமகள் அதைக் கழுவக் கூடாது என்று பெரியவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால், காலையில் அவரே எடுத்துப் போய் நிறையத் தண்ணீர் கலந்து தென்னை மரத்தடியில் ஊற்றிவிட்டுக் கழுவி வைக்கிறார். முழங்கால் வலியுள்ளவர்களுக்கு, நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி வாங்கிக் கழிப்பறைப் பீங்கான் மேல் போட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர் கொடுக்கும் நேரத்தையும் மாற்றினார்கள். ஒரு நாளுக்குரிய தண்ணீரில் பெரும்பகுதி காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் நடுவில் உள்ளே போய்விட்டால், இரவில் எழ வேண்டிய தேவை குறையும். சொம்புக்குப் பதில் சின்ன டம்ளர். முழு டம்ளரைப் பார்த்தாலே மலைப்பவருக்கு முக்கால் டம்ளர். வாய்க்காலில் திறந்துவிட்டால் பாதி வீணாகும், சொட்டுநீரில் விட்டால் வேர் குடிக்கும் என்பது முருங்கைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம் இல்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற நேரமெல்லாம் மாமாவுக்கும் ஒரு டம்ளர் என்று மருமகள் வைத்துக்கொண்டார். தனியாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மாட்டுத் தொட்டி மூன்று தடவை, மாத்திரை இரண்டு தடவை, சாப்பாடு மூன்று தடவை, டீ இரண்டு தடவை. இதிலேயே கணக்கு வந்துவிடுகிறது. மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்குவது அவர் பழக்கம். இப்போது மாத்திரையை உள்ளங்கையில் வைக்கும்போதே முழு டம்ளரையும் நீட்டிவிடுகிறார்கள்.

எவ்வளவு குடிக்க வேண்டும்? பொதுவாக, வயதான பெண்களுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல், ஆண்களுக்கு 2 லிட்டர் அளவுக்குக் குடிக்கும் நீராகாரமாகவே போக வேண்டும். கத்திரி வெயிலில், காய்ச்சலில், வயிற்றுப்போக்கில் இது கூடும். ஆனால் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கால் வீங்கியிருப்பவர்கள் ஆகியோருக்குத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வெயில் காலத்தில் அந்த அளவைக் கூட்டலாமா, நீர் மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்று அவர்களைப் பார்க்கிற மருத்துவரிடம் பங்குனியிலேயே போய்க் கேட்டுவிடுவது நல்லது. மாத்திரையைத் தாமாக நிறுத்துவது தண்ணீர் குடிக்காததைவிட மோசமாக முடியலாம்.

எல்லாம் வெறும் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பெரியவர் காலையில் நீராகாரம் என்றால் மறுக்கவே மாட்டார். பழைய சோற்றுத் தண்ணீரில் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு இரண்டு டம்ளர் போய்விடும். பதினோரு மணிக்கு நீர்மோர், மதியம் கம்பங்கூழ் என்றால் கரைத்துக் குடிக்கும் பதத்தில். வெள்ளரி, தர்ப்பூசணி, நுங்கு எல்லாமே பாதி தண்ணீர்ப் பந்தல்தான். டீ, காபி குடித்தால் உள்ள நீரும் போய்விடும் என்று ஒரு பேச்சு உண்டு. அளவாக இரண்டு மூன்று வேளை குடித்தால் அதுவும் கணக்கில் சேரும். ஆகவே டீயை நிறுத்தி ஒரு பெரியவரின் மனதை நோகடிக்க வேண்டியதில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் தவிர்த்தால் போதும்.

இயற்கையாகக் கிடைப்பது என்பதற்காக எல்லாருக்கும் எல்லாமும் ஒத்துக்கொள்வதில்லை. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் அது இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். சர்க்கரை நோயாளிக்குப் பானகமும் நன்னாரி சர்பத்தும் பகை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் பிரிந்து நீர் இன்னும் வற்றும். அழுத்தம் உள்ளவருக்கு மோரில் உப்பைக் குறைத்து, கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போடலாம். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் தினசரிக் குடிநீர் இல்லை, வாந்தி, வயிற்றுப்போக்கு, அதிக வியர்வை உள்ள நாளுக்கான மருந்து. 1971-ல் வங்கதேசப் போரின்போது, பங்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகாலானபிஸ் காலரா நோயாளிகளுக்கு இதைப் பெரிய டிரம்களில் கலந்து கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார். அதில் சர்க்கரை ருசிக்காக இல்லை. குடல் உப்பையும் நீரையும் உள்ளிழுக்க அது துணை செய்கிறது. பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் மட்டுமே கரைக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கண்ணளவில் உப்பைக் கூட்டிப் போடுவது ஆபத்து. பெட்டியில் அடைத்து அதே போன்ற பெயரில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது.

நீர் வற்றுவதை எப்படிக் கண்டுபிடிப்பது? மாட்டின் கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்து, சட்டென்று திரும்பாவிட்டால் நீர் வற்றியிருக்கிறது என்று கால்நடை மருத்துவர் சொல்வார். வயதானவர்களிடம் அந்தச் சோதனை செல்லாது. அவர்கள் தோல் சாதாரணமாகவே தளர்ந்திருக்கும். சிறுநீரின் நிறத்தைப் பார்க்கலாம், ஆனால் சத்து மாத்திரை சாப்பிட்டால் நல்ல நாளிலும் மஞ்சளாகத்தான் போகும். ஒரு பகலில் எத்தனை தடவை போனார் என்ற எண்ணிக்கை இன்னும் உதவும். வழக்கமாக ஐந்தாறு தடவை போகிறவர் இரண்டு தடவைதான் போனார் என்றால் கவனிக்க வேண்டும். நாக்கு வறண்டிருப்பது, எழும்போது தலை சுற்றுவது, பகலெல்லாம் தூங்கி வழிவது, மலச்சிக்கல் ஆகியவையும் அடையாளங்கள். திடீரென்று பேச்சு மாறினால், ஆள் தெரியாமல் போனால், அதை வயதின் மேல் போட்டுவிடக் கூடாது. ஒரே நாளில் வருகிற தடுமாற்றத்துக்கு உடம்பில் ஏதோ ஒரு காரணம் இருக்கும். நீர் வற்றியதா, கிருமித் தொற்றா, உண்மையிலேயே பக்கவாதமா என்பதை மருத்துவமனையில்தான் சொல்ல முடியும்.

வீட்டில் இருக்கும் முதியவருக்காவது கொட்டகை நிழல் உண்டு. அதே ஊரில் 68 வயதுப் பாட்டி ஒருவர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். காலையில் கிளம்பினால் திரும்பி வரும்வரை வாயில் தண்ணீர் படாது. ஓடை வெட்டுகிற இடத்தில் மறைவிடம் இல்லை, ஆண்களும் கூடவே இருக்கிறார்கள். அடிக்கடி நீர்க்கடுப்பு வந்து அவதிப்பட்டார். அந்த வேலைக்கான சட்டம் 2005-ல் வந்தபோதே, வேலையிடத்தில் பாதுகாப்பான குடிநீரும் ஓய்வு நேரமும் முதலுதவிப் பெட்டியும் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். குடம் வந்தது, ஆனால் குடித்தால் எங்கே போவது என்பதற்கு விடை வரவில்லை. கடைசியில் பெண்களே நான்கு குச்சி நட்டுப் பழைய சேலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பாட்டி தூக்குப்போசியில் மோர் கொண்டுபோகத் தொடங்கினார்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. நல்ல அறிவிப்புதான். ஆனால் சித்திரையில் திண்ணைக் கட்டிலில் அடங்கிப்போகும் கிழவரையும் கிழவியையும் வெயில் கொன்றது என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. வயசானவர், போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதோடு ஊர் கலைந்துவிடும்.

உடம்பு நெருப்பாகக் கொதித்து, ஆள் குழம்பியோ மயங்கியோ கிடந்தால் அது வெப்பத் தாக்கு. 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வருவதற்குள் நிழலுக்குத் தூக்கிப் போய்த் துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். சாதாரண நாளிலும், தகரக் கூரைக்குக் கீழே வெறும் ஃபேனை நம்பக் கூடாது. 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஃபேன் அனலைத்தான் அள்ளி வீசும். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேப்ப மர நிழலில் உட்கார்ந்தால் அதைவிட நன்றாக இருக்கும்.

அந்தப் பெரியவரின் பேத்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தினமும் ராத்திரி போன் செய்வாள். முன்பெல்லாம் "சாப்ட்டீங்களா அப்பாரு?" என்று கேட்பாள், அவரும் "ஆச்சு கண்ணு" என்று வைத்துவிடுவார். போன வெயிலிலிருந்து கேள்வியை மாற்றிவிட்டாள். "இன்னைக்கு எத்தன தடவ ஒண்ணுக்குப் போனீங்க?"

"ஏண்டி, பொட்டப்புள்ள கேக்கற கேள்வியா இது?" என்று வாசல் அதிரச் சத்தம் போடுவார். போட்டுவிட்டு, குரலைத் தணித்து, "ஆறு" என்பார்.